அடுக்களையை அளந்த நகை: காலனிய இந்தியாவின் மணவாழ்வு அங்கதங்களில் வீட்டுவேலை

முன்னுரை

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இவற்றுள் முதலாவதாகிய எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர், ஒருவர் பிறரை எள்ளி நகுவதையும், பிறரால் எள்ளப்பட்டவழித் தாம் நகுவதையும் அதனுள் அடக்குவர். எள்ளுவோர் நகை, எள்ளப்பட்டோர் நகை என்னும் இப்பாகுபாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மொழிகள் பலவற்றிலும் பெருகிய மணவாழ்வு அங்கதங்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணைபுரிகிறது.

அக்கால அங்கதங்கள் பெரும்பாலும் ஆண்களால் எழுதப்பட்டவை. கல்வி கற்ற மனைவி அடுக்களையை விட்டு வெளியேறுவாள், கணவன் அங்குப் புகுந்து அல்லற்படுவான் என்பது அவற்றின் நகைப்பொருள். இந்தத் தலைகீழ்க் காட்சியையே கையில் எடுத்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பிய பெண் எழுத்தாளர்களும் அக்காலத்தில் இருந்தனர். அவர்களுள் ரொக்கேயா சகாவத் ஹொசைன் 1905ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த இதழ் ஒன்றில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ தனியிடம் பெறுவது. யார் வீட்டிலிருப்பது என்பதோடு பிறர் அங்கதம் நின்றுவிட, வீட்டுவேலை எவ்வளவு நேரத்தில், எந்த எரிபொருளில், யாருடைய கண்ணில் புகைபடிய நடக்கிறது என்னும் வினாவை நகையோடு சேர்த்து எழுப்பியது அப்படைப்பு. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எள்ளுவோர் நகை

வீட்டுவேலையில் தவறும் பெண் நகைப்புக்குரியவள் என்னும் எண்ணம் புதிய உரைநடை இலக்கியத்தின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. உருது நாவலின் முன்னோடியாகக் கருதப்படும் நசீர் அகமதுவின் ‘மிராத்துல் உரூஸ்’ (1869) அக்பரி, அஸ்கரி என்னும் இரு உடன்பிறந்தாரின் கதை. மூத்தவள் அக்பரி குடும்பம் நடத்தத் தெரியாதவள். ஏமாற்றுக்காரி ஒருத்தியை நம்பி நகைகளைப் பறிகொடுப்பவள். இளையவள் அஸ்கரி கணக்குப் பார்த்துச் சிக்கனமாக வீட்டை நிலைநிறுத்துபவள். பெண்கல்விக்கு ஆதரவாக எழுதப்பட்ட இந்நூலுக்கு அன்றைய வடமேற்கு மாகாண அரசு பரிசளித்தது. பெண்கல்வியை வேண்டுவோரும் கூட, அக்கல்வியின் பயனை வீட்டுவேலையின் திறத்தைக் கொண்டே அளந்தனர் என்பது இங்கு நோக்கத்தக்கது.

வங்காளத்தில் இந்நகை மேலும் கூர்மை பெற்றது. கல்கத்தாவின் பட்டலாப் பகுதி அச்சகங்கள் மலிவு விலையில் பிரகசனங்களை வெளியிட்டன. காளிகாட் கோயிலைச் சுற்றியிருந்த ஓவியர்கள் ஒரே தாளில் ஒரு கதை சொல்லும் படங்களை வரைந்து விற்றனர். கணவனை ஆடாக்கிக் கயிற்றில் பிடித்துச் செல்லும் பெண், துடைப்பத்தால் ஆணை அடிக்கும் பெண் ஆகியோர் அப்படங்களில் அடிக்கடி தோன்றுகின்றனர். மனைவியைத் தோளில் சுமந்துகொண்டு முதிய தாயைக் கட்டி இழுத்துச் செல்லும் மகனின் உருவம் கலியுகக் கொடுமையின் அடையாளமாக அச்சுப்படங்களில் பரவியது. வீட்டுவேலைக்குரிய கருவியாகிய துடைப்பமே படைக்கலமாகிவிடும் என்பதே அச்சத்தின் சாரம். அம்ருதலால் பாசுவின் ‘தாஜ்ஜப் பியாபார்’ (1890) போன்ற மேடைப் பிரகசனங்கள் பெண்விடுதலை என்னும் கருத்தையே வியத்தகு கூத்தாக்கி அவையோரைச் சிரிக்க வைத்தன.

இச்சிரிப்புக்கு ஒரு சமூகப் பின்புலம் உண்டு. அன்றைய நடுத்தர வகுப்பு ஆண் பகலெல்லாம் வெள்ளையரின் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தான். கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட அந்தச் சம்பள வேலை அவனுக்கு இழிவுணர்வைத் தந்தது என்பதையும், அவ்வுணர்வே கலியுகம் பற்றிய புலம்பலாக உருமாறியது என்பதையும் வரலாற்றாசிரியர் சுமித் சர்க்கார் விளக்கியுள்ளார். வெளியுலகில் ஆட்சியை இழந்த ஆண், வீட்டைத் தன் பண்பாட்டின் தூய்மை குலையாத உள்ளிடமாகக் கருதிக் காக்க முற்பட்டான் என்பது பார்த்தா சட்டர்ஜியின் விளக்கம். ஆகவே, மனைவி உலக்கையைத் தொடவில்லை என்னும் கேலி வெறும் சோம்பல் பற்றிய கேலி அன்று. தனக்கு எஞ்சியிருந்த ஒரே ஆட்சியும் கைநழுவுகிறது என்னும் ஆணின் கவலையே அதில் ஒலிக்கிறது.

இக்கவலையை அறிந்தே எழுதியவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். தாம் நடத்திய ‘பங்கதர்ஷன்’ இதழில் 1874இல் அவர் பழைய பெண்ணையும் புதிய பெண்ணையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பழையவள் நீர் சுமந்து, நெல் குத்தி, வீட்டைப் பெருக்கி உழைத்தவள். புதியவள் உடல் வளையாதவள் என்பது அதன் ஒரு கூற்று. அதனைத் தொடர்ந்து, பெண்கள் எழுதியனபோல் மூன்று மறுப்பு மடல்களையும் அவரே புனைந்தார். அவற்றுள் ஒன்று, ஆண்கள் அந்தப்புரத்துக்குள் வரட்டும், நாங்கள் அலுவலகம் போகிறோம் என்று இடமாற்றத்துக்கு அறைகூவுகிறது. நூற்றாண்டுகளாகப் பிறருக்கு அடிமைப்பட்டிருப்போர் ஆண்மை பேசுவதற்கு வெட்கமில்லையா என்றும் கேட்கிறது. எள்ளலை ஆண்மீதே திருப்பிய அருமையான இடம் இது. எனினும் அம்மடலின் அம்பு தைப்பது ஆணின் அரசியல் அடிமைத்தனத்தின் மீதே ஆகும். அந்தப்புரத்துக்குள் வரும் ஆண் அங்கு என்ன வேலை செய்வான், அவ்வேலை எத்தகையது என்னும் வினாக்கள் எழவேயில்லை. பெண்குரல் அங்கு ஆணின் தன்னிரக்கத்தைக் கூறும் வாயிலாகவே நின்றுவிடுகிறது.

எள்ளப்பட்டோர் வினா

எள்ளப்பட்டவர் தம் சொந்தக் குரலில் மறுமொழி கூறிய நிகழ்வு மராத்தியில் 1882ஆம் ஆண்டில் நேர்ந்தது. பேரார் பகுதியின் புல்டாணாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே எழுதிய ‘ஸ்திரீ புருஷ துலனா’ (பெண் ஆண் ஒப்பீடு) அவ்வாண்டு புணேயில் அச்சாயிற்று. சூரத்தில் கைம்பெண் ஒருவர் மகவுக்கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதும், அதனையொட்டிப் பெண்குலத்தின் ஒழுக்கத்தையே இதழ்கள் பழித்ததும் இந்நூலுக்குத் தூண்டுகோலாயின. ஜோதிராவ் புலே தொடங்கிய சத்தியசோதக இயக்கத்தோடு தாராபாயின் குடும்பம் தொடர்புடையது. நூல் கண்டனத்துக்கு ஆளானபோது 1885இல் புலே அதற்கு ஆதரவாக எழுதினார். அதன்பின் ஏறக்குறைய மறக்கப்பட்ட இந்நூல் 1975இல் எஸ். ஜி. மால்ஷேயால் மறுபதிப்புச் செய்யப்பெற்று மீண்டும் ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தது.

தாராபாயின் உத்தி எளிமையானது. பெண்மீது சுமத்தப்படும் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். அவை ஆணிடம் இல்லையா என்று கேட்கிறார். கணவனே தெய்வம் என்றால் அவன் தெய்வத்துக்குரிய நடத்தையைக் காட்ட வேண்டாவா என்னும் அவருடைய வினா நகையும் சினமும் கலந்தது. ஆங்கிலேயரின் உடையையும் பழக்கங்களையும் தாங்கள் தயங்காமல் மேற்கொண்ட ஆண்கள், மனைவி மட்டும் பழைய அறநூற்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை அவர் எள்ளி நகையாடுகிறார். ‘துலனா’ என்னும் சொல் ஒப்பிடுதலோடு நிறுத்தலையும் சுட்டுவது. ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன சமூகத்துக்கு மறுதட்டையும் காட்டியதே தாராபாயின் பணி. ஆனால் அவர் நிறுத்தது ஒழுக்கத்தை. உழைப்பை நிறுக்கும் பணி இன்னும் எஞ்சியிருந்தது.

சென்னை இதழில் வந்த கனவு

இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்த் என்னும் ஊரில் 1880இல் பிறந்தவர் ரொக்கேயா. கடுமையான திரைவழக்கம் நிலவிய நிலக்கிழார் குடும்பம் அவருடையது. தமையனிடமும் தமக்கையிடமும் வீட்டுக்குள்ளேயே ஆங்கிலமும் வங்காளியும் கற்றார். பீகாரின் பாகல்பூரில் துணை நடுவராகப் பணியாற்றிய சையத் சகாவத் ஹொசைனை மணந்தார். கணவர் அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தபோது பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் எழுதியதே ‘சுல்தானாவின் கனவு’. திரும்பி வந்த கணவர் நின்றபடியே அதனைப் படித்து முடித்து, இது பயங்கரமான பழிவாங்கல் என்று பாராட்டியதாக ரொக்கேயா பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

பாகல்பூரில் எழுதப்பட்ட இக்கதை வெளிவந்த இடம் சென்னை. கமலா சத்தியநாதன் 1901இல் சென்னையில் தொடங்கி நடத்திய ‘தி இண்டியன் லேடீஸ் மேகசின்’ இதழில் 1905ஆம் ஆண்டில் அது அச்சேறியது. சரோஜினி நாயுடு முதலியோரும் எழுதிய அவ்விதழ், மாகாண எல்லைகளைக் கடந்து படித்த பெண்களை இணைத்த அரங்காக விளங்கியது. வங்காளி பேசும் இசுலாமியப் பெண் ஒருவர் பீகாரிலிருந்து எழுதியதை, தெலுங்குக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் சென்னையில் வெளியிட்டார் என்பது, மணவாழ்வு பற்றிய விவாதம் எந்த ஒரு மொழிக்கோ சமயத்துக்கோ உரியதாக இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகும். கதை 1908இல் கல்கத்தாவில் நூல்வடிவம் பெற்றது. ரொக்கேயாவே ஆக்கிய வங்காளி வடிவம் 1922இல் ‘மோத்திசூர்’ இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றது.

கதையின் கட்டமைப்பு பிரகசனங்களில் கண்ட அதே தலைகீழாக்கமே. சாய்வுநாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருக்கும் சுல்தானாவைச் சாரா என்னும் தோழி பெண்ணாட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். அங்குப் பெண்கள் வெளியில் உலவுகின்றனர். ஆண்கள் ‘மர்தானா’ என்னும் உள்ளறைகளில் அடங்கிக் குழந்தைகளைப் பேணுகின்றனர், சமைக்கின்றனர். தெருவில் கூசி நடக்கும் சுல்தானாவைப் பார்த்து, ஆண்தன்மை உடையவளாக இருக்கிறாளே என்று வழிப்போக்கர்கள் சிரிக்கின்றனர். அந்நாட்டில் ஆண்தன்மை என்பதற்கு நாணமும் அச்சமும் என்றே பொருள். அச்சமும் நாணமும் பெண்ணின் இயற்கைக் குணங்கள் என்னும் வாதத்தை ஒரு சொல்லின் பொருளை மாற்றியே இவ்விடம் தகர்த்துவிடுகிறது. உள்ளே அடைக்கப்படுபவர் யாராயினும் அக்குணங்கள் அவர்பால் வந்து சேரும் என்பதே அதன் உட்பொருள்.

சுருட்டுக் கணக்கும் புகையில்லா அடுக்களையும்

தலைகீழாக்கத்தோடு ரொக்கேயா நிற்கவில்லை. ஆய்வுக்கூடப் பணியோடு பூவேலையும் எப்படிச் செய்ய முடிகிறது என்று சுல்தானா வினவுகிறாள். தன் ஆய்வுப்பணி 2 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்கிறாள் சாரா. எங்கள் நாட்டில் நடுவர்கள் நாளும் 7 மணி நேரம் வேலை செய்கிறார்களே என்று சுல்தானா வியக்க, சாரா ஒரு கணக்குப் போடுகிறாள். ஒரு சுருட்டு எரிந்து தீர அரை மணி நேரம். ஓர் ஆண் நாளுக்கு 12 சுருட்டுப் புகைத்தால் 6 மணி நேரம் புகையாகப் போகிறது. வேலையைப் பற்றி மிகப் பேசுவதும் குறைவாகச் செய்வதும் ஆண்களின் இயல்பு என்பது அவள் முடிவு.

எடுத்துக்காட்டாக நடுவரைச் சொன்னவர் துணை நடுவரின் மனைவி என்பதை நினைத்தால் இந்நகையின் நெருக்கம் புலப்படும். ஆங்கில மூலத்தில் வரும் ‘செரூட்’ என்னும் சொல் தமிழின் ‘சுருட்டு’ என்பதிலிருந்து பிறந்து ஆங்கிலத்துக்குச் சென்றது என்பதும் தமிழறிஞர்க்குச் சுவை தரும் செய்தியாகும். அலுவலகக் கடிகாரம் ஆணை வருத்துகிறது என்று புலம்பிய இலக்கியத்தை முன்னர்க் கண்டோம். ரொக்கேயா அக்கடிகாரத்தையே சான்றுக்கு அழைக்கிறார். வெளிவேலை கடினமானது, வீட்டுவேலை எளியது என்னும் எண்ணத்தை அவர் அறவுரையால் மறுக்கவில்லை, மணிக்கணக்கால் மறுக்கிறார்.

அடுத்த காட்சி அடுக்களை. காய்கறித் தோட்டத்தின் நடுவே அமைந்த அந்த இடத்தில் கரியுமில்லை, நெருப்புமில்லை, புகைபோக்கியும் இல்லை. சூரியவெப்பத்தைத் திரட்டிக் குழாய்வழிக் கொணர்ந்து சமைக்கின்றனர். இச்சூரியவெப்பத்துக்குக் கதையில் ஒரு வரலாறு உண்டு. பெண் பல்கலைக்கழகம் ஒன்று அதனைத் திரட்டும் கருவியைக் கண்டுபிடித்தபோது, ஆண்கள் அதனை வெறும் உணர்ச்சிக் கனவென்று எள்ளினர். பின்னர்ப் போரில் ஆண்படை தோற்றபோது, அதே வெப்பத்தைப் பகைவர்மேல் செலுத்திப் பெண்கள் நாட்டைக் காத்தனர். போருக்கு முன் உள்ளறை புகுந்த ஆண்கள் அங்கேயே தங்கலாயினர். தங்களை மீண்டும் பணியில் அமர்த்துமாறு மாவட்ட நடுவர்களும் காவல் ஆணையர்களும் விண்ணப்பித்தபோது, தேவைப்பட்டால் அழைக்கிறோம் என்று அரசி சுற்றறிக்கை விடுத்தாள். வேலை கேட்டுக் காத்திருக்கும் பெண்களுக்கு அலுவலகங்கள் தரும் மறுமொழியின் அச்சு இது.

எள்ளப்பட்ட அறிவே படைக்கலமாகவும் அடுப்பாகவும் ஆயிற்று என்னும் இவ்விணைப்பே கதையின் மையம். அம்மையம் புகையில்லா அடுக்களையில் முழுமை பெறுகிறது. விறகடுப்பின் முன் அமர்ந்து கண்கலங்கும் வேலையை ஆணிடம் ஒப்படைப்பதோடு ரொக்கேயாவின் கற்பனை நிறைவடையவில்லை. அவ்வேலையின் துன்பத்தையே நீக்க அவர் எண்ணினார். அறிவியல் ஆய்வு பெண்கையில் இருந்தால் அது முதலில் சென்றுசேரும் இடங்களுள் அடுக்களையும் ஒன்றாக இருக்கும் என்பது அவருடைய துணிபு.

‘மோத்திசூர்’ முதல் தொகுதியின் கட்டுரைகள் இத்துணிபை உறுதிசெய்கின்றன. ‘அர்த்தாங்கி’ என்னும் கட்டுரையில், கணவன் கதிரவனுக்கும் விண்மீன்களுக்கும் உள்ள தொலைவை அளக்கும் வேளையில் மனைவி தலையணை உறையின் நீள அகலத்தை அளந்துகொண்டிருக்கிறாள் என்று காட்டுகிறார். இரு சக்கரங்களும் அளவில் ஒவ்வாத வண்டி முன்னே செல்லாமல் சுற்றிச்சுற்றி வரும் என்னும் உவமையும் அங்கு வருகிறது. ‘சுக்ருகிணி’ என்னும் கட்டுரையிலோ நல்ல இல்லத்தரசியாவதற்கே வேதியியல் முதலிய அறிவு வேண்டும் என்று வாதிடுகிறார். நசீர் அகமது காட்டிய அஸ்கரியின் நீட்சியாக இவ்வாதம் தோன்றலாம். ஆனால் அஸ்கரியின் கல்வி வீட்டுக்குள் நிறைவடைகிறது. ரொக்கேயாவோ வீட்டுவேலையையே பெண்கல்விக்கான வாயிலைத் திறக்கும் திறவுகோலாக்கினார். கணவர் 1909இல் மறைந்த பின் பாகல்பூரில் 5 மாணவியரோடு அவர் தொடங்கிய பள்ளி 1911இல் கல்கத்தாவுக்கு மாறி நிலைபெற்றது. 1932இல் மறையும்வரை அவர் உழைப்பு அப்பள்ளிக்கே உரியதாயிற்று.

அங்கதத்தின் எல்லைகள்

இப்படைப்பின் எல்லைகளையும் சுட்டுதல் வேண்டும். முதலாவதாக, பெண்ணாட்டில் வீட்டுவேலை பகிரப்படவில்லை, கைமாறியிருக்கிறது. கணவனும் மனைவியும் ஒரே அடுக்களையில் நிற்கும் காட்சி கதையில் எங்குமில்லை. ஊசித்துளையில் நூல் கோக்கும் பொறுமைகூட ஆணுக்கு இல்லை என்று சாரா பூவேலையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறாள். இயற்கைக் குணம் என்னும் வாதத்தை ஓரிடத்தில் தகர்த்த கதை, மற்றோரிடத்தில் அதனையே நகைக்காகக் கையாள்கிறது. எனினும் இது பெண்ணாட்டைச் சட்டநூலாக முன்வைக்கும் படைப்பு அன்று. பிரகசனம் எழுதியோர்க்கு அவர்தம் நாணயத்திலேயே திருப்பிச் செலுத்தப்பட்ட கடன். தலைகீழ் உலகம் நீதியற்றதாகத் தோன்றினால் நேருலகமும் அத்தகையதே என்னும் முடிவைப் படிப்போரே எய்த வேண்டும் என்பதற்காகவே அந்த மிகை.

இரண்டாவது எல்லை சற்றே ஆழமானது. பெண்ணாட்டில் பணிப்பெண்கள் இல்லை. ஆனால் சுல்தானாவைப் போன்றோர் வாழ்ந்த வீடுகளில் தண்ணீர் சுமந்தவர்களும் பாத்திரம் துலக்கியவர்களும் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழைப் பெண்களே. பங்கிம் சந்திரர் போற்றிய பழைய பெண்ணின் உழைப்பில் ஒரு பகுதி இவர்கள் தோளுக்கு மாறியிருந்தது. கணவன், மனைவி என்னும் இருவரை மட்டும் மேடையேற்றும் மணவாழ்வு அங்கதம் இம்மூன்றாமவரைக் காண்பதில்லை. எந்திரம் அவ்விடத்தை நிரப்பிவிடுவதாகக் கற்பனை செய்த ரொக்கேயாவின் கதையும் இதற்கு விலக்கன்று.

முடிவுரை

காலனிய இந்தியாவின் மணவாழ்வு அங்கதங்கள் தலைகீழாக்கம் என்னும் ஓர் உத்தியைப் பொதுவாகக் கொண்டிருந்தன. ஆண்களின் பிரகசனத்தில் அது எச்சரிக்கையாகவும், பங்கிம் சந்திரரிடம் ஆணின் தன்னிரக்கமாகவும் நின்றது. தாராபாய் ஒழுக்கத்தின் தராசை நேராக்கினார். ரொக்கேயா அதே தராசில் நேரத்தையும் எரிபொருளையும் வைத்தார். எள்ளப்பட்டோரின் நகை எள்ளுவோர் அறியாத ஒன்றைக் கண்டது என்றால், அது வீட்டுவேலை அளக்கத்தக்க உழைப்பு என்பதே.

அரசு அந்த அளவையை மேற்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1998–99இல்தான் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் காலப் பயன்பாட்டு ஆய்வு முன்னோட்டமாக நடத்தப்பட்டது. நாடு தழுவிய முதல் ஆய்வு 2019இல் நிகழ்ந்தது. சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அது காட்டியது. 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289, 88 நிமிடங்கள் ஆயின. பெண்ணின் சுமை 10 நிமிடம் குறைந்த ஐந்தாண்டுகளில் ஆணின் பங்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. சாரா கூறிய சுருட்டுக் கணக்கைப் படித்துச் சிரித்தவர்கள், இந்தக் கணக்கையும் அருகில் வைத்துப் படித்தல் தகும்.